ஆர்க்யூ, டிஸ்ப்யூட், அப்ஜெக்‌ஷன், அப்பீல்: எத எப்ப எழுதணும், புதுசா வர்றவங்களுக்கு

ஓசூர் சிப்காட்ல வேலைக்குச் சேந்திருப்பீங்க, இல்ல தர்மபுரியில டிகிரி முடிச்சிட்டு தினம் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போயிட்டு வந்துட்டு இருப்பீங்க. தமிழ்ல யார வேணா பேசி மடக்கிடுவீங்க, ஆனா "இது தப்பு, நான் ஒத்துக்க மாட்டேன்"னு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போடச் சொன்னா கை அப்டியே நின்னுடும். உங்களுக்குத்தான் இது.

நான் இத எழுத உக்காந்ததுக்குக் காரணம் ஒரு பேங்க். என்னக் கேக்காமயே சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து ஏதோ இன்சூரன்ஸ் பிரீமியம்னு பணத்த எடுத்துட்டாங்க. நேர்ல போனா கவுண்டர்ல இருந்தவரு ரொம்ப அக்கறையா "கம்ப்ளெயின்ட்னு எல்லாம் போடாதீங்க சார், என்கொயரின்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்"னாரு. சீக்கிரம் முடிஞ்சது நெசம்தான். ஆறு மாச ஸ்டேட்மென்ட்ட பிடிஎஃப்பா அனுப்பிட்டு "யுவர் என்கொயரி இஸ் க்ளோஸ்டு"ன்னு ஒரு மெசேஜ். என்கொயரின்னா தகவல் கேக்கறது, தகவல் குடுத்தாச்சு, ஃபைல மூடியாச்சு, அவங்க கணக்குல எல்லாம் சரி. வேற வார்த்த எழுதுனப்பறம்தான் பணம் திரும்பி வந்துச்சு.

அதனால இது கிராமர் பாடம் இல்ல. எந்த வார்த்தைய எழுதுனா உங்க பேப்பர் எந்த டேபிளுக்குப் போகும், எத்தன நாள்ல பதில் வரணும், அதான் மேட்டர்.

1. எழுதறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தப் பிரிச்சிக்கோங்க

உங்க கோவம் ஆள் மேலயா, விஷயத்து மேலயா? அவங்க முடிவு எடுத்துட்டாங்களா, இன்னும் எடுக்கலயா? உங்க கையில ப்ரூஃப் இருக்கா, இல்ல வாய் வார்த்த மட்டும்தானா?

ஆள் மேலன்னா அது குவாரல், ஃபைட். அதெல்லாம் பேப்பர்ல ஏத்தாதீங்க. முடிவு இன்னும் வரலன்னா அப்ஜெக்‌ஷன். என்ஓசி எல்லாருக்கும் தெரியும், நோ அப்ஜெக்‌ஷன் சர்டிஃபிகேட், ஒரு வேலை நடக்கறதுக்கு முன்னாடி "எனக்குத் தடை இல்ல"ன்னு குடுக்கறது. அதத் திருப்பிப் பாருங்க, தடை இருந்தா நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். முடிவு வந்துட்டா அப்புறம் அப்ஜெக்‌ஷன்னு எழுதி பிரயோஜனம் இல்ல, மேல இருக்கற அதிகாரிக்கு அப்பீல்தான். ஒரு தொகையோ, ஒரு கணக்கோ, ஒரு தகவலோ தப்புன்னா டிஸ்ப்யூட்.

இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு. தமிழ்ல "மறுக்கிறேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவோம், போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டா அது ஒரு வாட்டி டினைனும் ஒரு வாட்டி ரெஃப்யூஸ்னும் குடுக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல. "ஐ ரெஃப்யூஸ் டு பே தி பில்"னா கட்ட மாட்டேன்னு முரண்டு பிடிக்கறீங்க. "ஐ டிஸ்ப்யூட் தி பில்"னா தொகை தப்பு, சரி பண்ணுங்கன்னு சொல்றீங்க. மொதல்ல சொன்னதுக்கு ஃபைன் வரும், ரெண்டாவதுக்கு செக் பண்ணிட்டு பதில் வரும். டினைங்கறது உங்க மேல ஒருத்தர் ஒண்ணு சொல்லி அது உண்மை இல்லன்னு நீங்க சொல்றது, பில்லுக்கு அது வராது.

2. வாயால பேசறப்ப வர்ற வார்த்தைங்க

நம்ம பேச்சுல "அவன் ரொம்ப ஆர்க்யூ பண்றான்"னா அது திட்டு. இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு பக்கம். ஆர்க்யூ வித் போட்டு ஒரு ஆள் பேர் வந்தா வாய்த்தகராறு. ஆர்க்யூ தட் போட்டு ஒரு கருத்து வந்தா காரணத்தோட எடுத்துச் சொல்றது, அதுல சண்டையே இல்ல. மீட்டிங்ல மேனேஜர் "வாட் இஸ் யுவர் ஆர்க்யூமென்ட்?"னு கேட்டா முகம் சுருங்க வேண்டாம், உன் காரணம் என்னன்னுதான் கேக்கறாரு. புதுசா சேந்த பசங்க நெறைய பேர் இதக் கேட்டதும் "சாரி சார், நோ ஆர்க்யூமென்ட் சார்"னு சொல்லிட்டு உக்காந்துடறாங்க, அதாவது எங்கிட்ட காரணமே இல்ல சார்னு அவங்களே சொல்லிடறாங்க.

டிஸ்கஸ் பண்றப்ப பின்னாடி அபவுட் வராது, டிஸ்கஸ் தி இஷ்யூ, அவ்ளோதான். டிபேட்ல சைடு முன்னாடியே ஃபிக்ஸ், நடுவுல மாற முடியாது. கேம்பஸ் இன்டர்வியூல வைக்கிற ஜிடி, அதாவது க்ரூப் டிஸ்கஷன், டிபேட் இல்ல, அதுல அடுத்தவன் சொன்னது சரின்னு பட்டா ஒத்துக்கிட்டு மேல கொண்டு போறவனுக்குத்தான் மார்க், இத தெரியாம எல்லாத்தையும் எதிர்த்துப் பேசற பசங்கதான் மொத ரவுண்டுலயே வெளிய வர்றாங்க.

ராயக்கோட்டை மண்டில தக்காளிப் பெட்டிக்கு அம்பது ரூபா கொறைன்னு நிக்கறது ஆர்க்யூ இல்ல, பார்கெய்ன். அதே வேலைய சம்பளத்துக்கோ காண்ட்ராக்ட்டுக்கோ பண்ணா நெகோஷியேட். ஹெச்ஆர்கிட்ட "ஐ வான்ட் டு பார்கெய்ன் மை சேலரி"ன்னா சிரிப்பாங்க.

பிக்கர், ஸ்க்வாபிள் ரெண்டும் சில்லறைச் சண்டை, பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு அண்ணன் தங்கச்சி அடிச்சிக்கற மாதிரி. இத ஆபீஸ்ல அடுத்தவங்களப் பத்திச் சொன்னா அவங்களச் சின்னப் பசங்கன்னு சொல்ற மாதிரி ஆகிடும், ஜாக்கிரத. பிரிட்டிஷ்காரங்க எழுதறதுல ரோன்னு ஸ்பெல்லிங் இருக்கும், வரிசைக்கு எழுதற அதே ஸ்பெல்லிங், ஆனா சண்டைன்ற அர்த்தத்துல ரௌன்னு படிக்கணும்.

டிஸக்ரீதான் தினம் தேவப்படற வார்த்த. ஆளோ, அவர் சொன்ன கருத்தோ, எடுத்த முடிவோன்னா வித், பேசற டாபிக்னா ஆன் அல்லது அபவுட். "ஐ ஆம் டிஸக்ரீ" தப்பு, டிஸக்ரீங்கறதே வினைச்சொல்லு, ஆம் வேண்டாம். "ஐ ஆம் நாட் அக்ரீயிங்" நம்ம பக்கத்துல ஓடும், வெளிநாட்டு கிளையன்ட் காதுல இடிக்கும், "ஐ டோன்ட் அக்ரீ"ன்னு போடுங்க. இன்னும் மெதுவா சொல்லணும்னா "ஐ சீ இட் டிஃபரன்ட்லி". வெள்ளக்காரர் யாராவது "ஐ ஆம் நாட் ஷ்யூர் ஐ அக்ரீ"ன்னா யோசிக்கறாருன்னு நெனச்சி காத்துட்டு இருக்காதீங்க, அது மரியாதையா சொன்ன நோ.

நர்ஸிங் முடிச்சிட்டு வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சை எழுதறவங்களுக்கு ஒண்ணு. ரைட்டிங் டாஸ்க் 2ல 250 வார்த்த, 40 நிமிஷம். கேள்வி "டிஸ்கஸ் போத் வியூஸ்"னு இருந்தா ரெண்டு பக்கத்தையும் எழுதியே ஆகணும், "டு வாட் எக்ஸ்டென்ட் டூ யூ அக்ரீ ஆர் டிஸக்ரீ"ன்னா உங்க நிலை என்னன்னு கேக்கறாங்க. இத மாத்தி எழுதுனா இங்கிலீஷ் எவ்ளோ நல்லா இருந்தாலும் பேண்ட், அதாவது ஸ்கோர், அடி வாங்கும். ஸ்கோர்ல நம்பிக்கை இல்லன்னா ஆறு வாரத்துக்குள்ள மறுபடி திருத்தச் சொல்லிக் கேக்கலாம், மார்க் மாறுனா கட்டுன ஃபீஸ் திரும்ப வந்துடும். அதுக்கு அவங்க வச்சிருக்கற பேரு "என்கொயரி ஆன் ரிசல்ட்ஸ்". என்கொயரின்னு எழுதி காரியம் நடக்கற ஒரே எடம் இதுவாத்தான் இருக்கும் போல.

3. டவுட்டத் தூக்கிப் போடுங்க

ஸ்கூல்ல "சார் ஒரு டவுட்டு"ன்னு கேட்டுப் பழகிட்டோம். வெளிநாட்டு டீம் இருக்கற கால்ல "ஐ ஹேவ் எ டவுட்"னு ஆரம்பிச்சா நீங்க சொல்றத நான் நம்பலன்னு கேக்கும். சந்தேகம் கேக்கணும்னா "ஐ ஹேவ் எ கொஸ்டின்". நெசமாவே தப்புன்னு தோணுச்சுன்னா "ஐ ஹேவ் எ கன்சர்ன்". கன்சர்ன்ங்கறது சண்டைக்கு முந்தின படி, அப்ஜெக்‌ஷன் அளவுக்குக் காரம் இல்ல, ஆனா மீட்டிங் மினிட்ஸ்ல உங்க பேரோட பதிவாகும்.

4. பணம் போச்சுன்னா: டிஸ்ப்யூட், கூடவே கம்ப்ளெயின்ட்

மொதல்ல உங்க கேஸ் எதுன்னு பாருங்க, பேங்க்ல மூணும் வேற வேற டேபிள்.

ஏடிஎம்ல காசு வரல ஆனா அக்கவுண்ட்ல கழிஞ்சிடுச்சுன்னா அது "ஃபெயில்டு ட்ரான்ஸாக்‌ஷன்". ரிசர்வ் பேங்க்கோட 2019 சர்க்குலர்படி அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பி வரணும், தாண்டுனா நாளுக்கு 100 ரூபா அவங்க குடுக்கணும். யுபிஐல ஒருத்தருக்கு அனுப்பி அவருக்குப் போய்ச் சேரலன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும், அதுக்கும் அதே 100 ரூபா.

நீங்க பண்ணவே இல்ல, யாரோ எடுத்துட்டாங்கன்னா அது "அன்ஆத்தரைஸ்டு". இங்க நாள் ரொம்ப முக்கியம். உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன், அப்புறம் பேங்க். 2017 சர்க்குலர்படி உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம வெளிய இருந்து நடந்த திருட்டுன்னா, தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் கிடையாது, நாலுல இருந்து ஏழு நாள்னா ஒரு லிமிட் வரைக்கும் உங்க தலையில. நீங்க சொன்ன பத்து வேலை நாளுக்குள்ள தற்காலிகமா பணத்த வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள கேஸ முடிக்கணும். ஓடிபிய நீங்களே சொல்லியிருந்தா, பேங்க்ல சொல்ற வரைக்கும் போன பணம் உங்களோடது.

மூணாவது, யார் எடுத்தாங்கன்னு தெரியும், ஆனா எடுத்தது சரியில்ல. என் பிரீமியம், கேக்காத கார்டுக்கு ஆனுவல் ஃபீஸ், முடிச்ச லோனுக்கு இஎம்ஐ. இதான் டிஸ்ப்யூட். எழுத வேண்டியது இவ்ளோதான்:

"ஐ டிஸ்ப்யூட் தி டெபிட் ஆஃப் ரூபீஸ் இவ்ளோ, டேட்டட் இன்ன தேதி. ஐ டிட் நாட் கிவ் கன்சென்ட் ஃபார் இட். ப்ளீஸ் ட்ரீட் திஸ் ஆஸ் எ கம்ப்ளெயின்ட், ரிவர்ஸ் தி அமவுண்ட், அண்ட் சென்ட் மீ எ காப்பி ஆஃப் தி கன்சென்ட் யூ ரிலைடு ஆன்."

இதுல "ட்ரீட் திஸ் ஆஸ் எ கம்ப்ளெயின்ட்"ங்கறத விட்டுடாதீங்க, அதுலதான் உயிரே இருக்கு. பேங்க் கைய விரிச்சா அடுத்து ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட, அதாவது பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அதிகாரிகிட்ட, போகணும், அங்க போறதுக்கு முன்னாடி பேங்க்ல எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கணும், அவங்க நிராகரிச்சிருக்கணும் இல்ல 30 நாள் பதில் இல்லாம ஓடியிருக்கணும். என்கொயரின்னு குடுத்தா அந்த 30 நாள் ஓடவே ஆரம்பிக்காது. கவுண்டர்ல அவ்ளோ அக்கறையா ஏன் சொன்னாங்கன்னு இப்ப புரியுதுங்களா? கடைசி வரியும் முக்கியம், என் கேஸ்ல நான் கையெழுத்து போட்ட ஃபார்ம் எதுவும் அவங்ககிட்ட இல்ல, இல்லாத பேப்பரக் கேட்டதுமே பேச்சு மாறிடுச்சு.

கூட வைக்க வேண்டியது: அந்த டெபிட் இருக்கற ஸ்டேட்மென்ட் பக்கம் மட்டும், எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட், கம்ப்ளெயின்ட் நம்பர். மொத்த பாஸ்புக்கையும் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க. ஆம்புட்ஸ்மேன்கிட்ட போக ஃபீஸ் கிடையாது, ரிசர்வ் பேங்க்கோட சிஎம்எஸ்ங்கற புகார் போர்ட்டல்ல நீங்களே போடலாம், விவரத்துக்கு 14448. பணம் வாங்கிட்டு எழுதித் தர்றேன்னு வர்றவங்களுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க.

சிபில் ரிப்போர்ட்ல, அதாவது உங்க கடன் வரலாறு இருக்கற ரிப்போர்ட்ல, தப்பு இருந்தாலும் வார்த்த டிஸ்ப்யூட்தான், அவங்க சைட்லயே அந்தப் பேர்லதான் ஃபார்ம் இருக்கும், ஃப்ரீ. 30 நாளுக்குள்ள சரி பண்ணலன்னா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு. லோன் அப்ளை பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பாத்துடுங்க.

கடைக்காரன், சர்வீஸ் சென்டர் மாதிரி ஆளுங்கன்னா மொதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல ஒரு கம்ப்ளெயின்ட். அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல, பிரச்சன நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

5. கம்பெனியில மெமோ வந்தா

இங்கதான் ஒரு வார்த்தைக்கு வேலையே போகும், அதனால நின்னு படிங்க.

மெமோவ நீட்டி சைன் போடுன்னா "அக்செப்டட்"னு எழுதாதீங்க. வாங்கிக்கிட்டேன்னு நீங்க நெனச்சி எழுதுவீங்க, அவங்க குத்தத்த ஒத்துக்கிட்டான்னு படிப்பாங்க. "ரிசீவ்டு" போதும், பக்கத்துல தேதி, நேரம். மனசு கேக்கலன்னா "ரிசீவ்டு, கன்டென்ட்ஸ் நாட் அட்மிட்டட்"னு எழுதலாம். அக்னாலெட்ஜ்ங்கறது ரெண்டுங்கெட்டான், கெடச்சுதுன்னும் வரும், ஆமா உண்மைதான்னும் வரும், அதத் தொடாதீங்க. வெத்துத் தாள்ல மட்டும் கையெழுத்து கூடவே கூடாது.

பதில் எழுதறப்ப டினை, ரெஃப்யூட், ரிபட் மூணும் வந்து குழப்பும். டினைனா இல்லன்னு சொல்றது, அதுக்கு ப்ரூஃப் தேவையில்ல. ரெஃப்யூட்னா ப்ரூஃப் வச்சி பொய்யின்னு காட்டறது. ரிபட்னா எதிர்வாதம் வைக்கறது, ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. பெரிய வார்த்தையா இருக்குன்னு "ஐ ரெஃப்யூட் ஆல் தி அலிகேஷன்ஸ்"னு எழுதிட்டு கூட ஒரு பேப்பரும் வைக்கலன்னா அங்க இருக்கற லீகல் ஆளு அதையே பிடிச்சுக்குவாரு. "ஐ டினை"ன்னு எழுதுங்க, கேட் என்ட்ரி, பஞ்ச் ரெக்கார்டு, சூப்பர்வைசர் அனுப்புன வாட்ஸப் மெசேஜ் இருந்தா அதக் கீழ வரிசையா வைங்க.

மொத்தமா ஒரு வரியில மறுத்துட்டு விடாதீங்க, பாரா பாராவா போங்க. பாரா 2ல சொன்ன தேதில டூட்டில இருந்தேன், டினை. பாரா 3ல இருபது நிமிஷம் லேட்டுங்கறது உண்மை, அட்மிட், காரணம் இது. உண்மைய ஒத்துக்கிட்டா மிச்சத்துக்கு மதிப்பு கூடும். பதிலே சொல்லாம விட்ட பாராவ ஒத்துக்கிட்டதா எடுத்துக்க எடம் இருக்கு. டைம் பத்தலன்னா கெடு முடியறதுக்கு முன்னாடியே எழுத்துல எக்ஸ்டென்ஷன் கேளுங்க, வாய்ல "பாத்துக்கலாம்பா"ன்னு சொன்னா அது கணக்குல வராது.

உங்களுக்கே ஒரு கொறை இருந்தா, ஓவர்டைம் குடுக்கல, ஷிஃப்ட் மாத்திட்டாங்க, அந்த வார்த்த "கிரீவன்ஸ்". 20 பேரோ அதுக்கு மேலயோ தொழிலாளி இருக்கற எடத்துல கிரீவன்ஸ் கமிட்டி கட்டாயம். 2025 நவம்பர் 21ல இருந்து நடப்புல இருக்கற இன்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோடுபடி பிரச்சன நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுக்கணும், கமிட்டி 30 நாள்ல முடிக்கணும். ஹெச்ஆர் மெயிலுக்கு "ஃபீட்பேக்"னு சப்ஜெக்ட் போட்டு அனுப்புனா அது கமிட்டிக்குப் போகாது, நன்றின்னு ஒரு பதில் மட்டும் வரும்.

6. கவர்மென்ட் ஆபீஸ்னா தமிழ்லயே எழுதுங்க

தாலுகா ஆபீஸ்லயும் கலெக்டர் ஆபீஸ்லயும் இங்கிலீஷ் தேவையே இல்ல, ஆனா வரிசை அதேதான். பட்டா பேர் மாத்தம் நடக்கறதுக்கு முன்னாடின்னா ஆட்சேபனை மனு, தாசில்தாருக்கு. ஆர்டர் போட்டுட்டாருன்னா மேல்முறையீடு, ஆர்டிஓவுக்கு (வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்), ஓசூர்னா சப் கலெக்டர் ஆபீஸ். அதுக்கும் மேல டிஆர்ஓகிட்ட, அதாவது மாவட்ட வருவாய் அலுவலர்கிட்ட, சீராய்வு. ஆர்டர் வந்தப்புறமும் தாசில்தார் ஆபீஸ்லயே ஆட்சேபனை ஆட்சேபனைன்னு குடுத்துட்டு அலையறவங்கள அரூர்லயும் பாக்கலாம், தேன்கனிக்கோட்டையிலயும் பாக்கலாம். ஆர்டர் காப்பிய மொதல்ல கையில வாங்குங்க, அது இல்லாம மேல்முறையீடு நிக்காது.

ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுல, "ஏன் பண்ணலை"ன்னு வாதம் பண்ணாதீங்க, எந்த ஃபைல், எந்த தேதி, காப்பி வேணும், அவ்ளோதான். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் டைம். பதில் வரல இல்ல அரகொறைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மொதல் மேல்முறையீடு, அதே ஆபீஸ்ல மேல இருக்கற அதிகாரிக்கு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள சென்னையில இருக்கற தகவல் ஆணையம்.

திங்கக்கிழம குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தா மனு நம்பரோட ரசீத வாங்காம வெளிய வராதீங்க.

7. அனுப்பறது

சப்ஜெக்ட் லைன்லயே வார்த்தையப் போட்டுடுங்க: கம்ப்ளெயின்ட், டிஸ்ப்யூட், கிரீவன்ஸ், அப்பீல், எதுவோ அது ஒண்ணு மட்டும். மெயில் அனுப்பறவரு அந்த எடத்தோட கிரீவன்ஸ் ஐடிக்கு அனுப்புங்க, தெரிஞ்ச ஆபீசரோட வாட்ஸப்புக்கு இல்ல. தபால்னா 2025ல ரிஜிஸ்டர் போஸ்ட்ட ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, கவுண்டர்ல ரிஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி ப்ரூஃபும் வேணும்னு கேட்டுப் போடுங்க, ரசீதோட இங்க் ஒரு வருஷத்துல மங்கிடும், அன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க.

கலெக்டர் ஆபீஸ் எதிர்ல இருக்கற டைப்பிங் கடையில குடுத்து அடிக்கறதா இருந்தா பக்கத்துலயே நில்லுங்க. பழக்க தோஷத்துல டிஸ்ப்யூட்ட எடுத்துட்டு "ரிக்வெஸ்ட்"னு மாத்திடுவாங்க, கீழ "அண்ட் ஆப்ளைஜ்"னு ஒரு வாலும் சேத்துடுவாங்க. வால் இருந்துட்டுப் போகட்டும், மேல இருக்கற வார்த்த மாறாம இருக்கான்னு பிரின்ட் போடறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல படிச்சிப் பாத்துடுங்க.